பொம்மையில் பூசிய வண்ணம் நிலைத்து நிற்க வேண்டுமா?



கொலு பொம்மைக்கு வண்ணம் பூசும் தொழில் நம் பெண்களுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாக இதைச் செய்து வருகிறார்கள். இப்போது நம் குழுக்களும் இதில் இறங்கியிருக்கின்றன. சுட்ட பொம்மையை மொத்தமாக வாங்கி வந்து, வண்ணம் மட்டும் பூசி விற்கும் குழுக்களும் உண்டு. கல்யாண செட், மளிகைக்கடைச் செட்டியார், காய்கறிக்காரி என்று இரண்டு, மூன்று அங்குல உயரச் சின்னப் பொம்மைகளுக்கு எப்போதும் கிராக்கிதான்.

ஆனால் ஒரு கேள்வி எல்லாக் குழுவிலும் வருகிறது. "அக்கா, நல்ல கம்பெனி அக்ரிலிக் பெயிண்ட்தானே வாங்கினோம்? அப்புறமும் ஏன் உரியுது?"

கொலு பொம்மை ஒரு நாள் வைத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பொருள் இல்லை. வாங்குகிறவர் அதை ஒன்பது நாள் படியில் வைப்பார். பிறகு சுற்றிப் பரணில் போடுவார். அடுத்த வருஷம் பிரிக்கும்போது செட்டியார் மூக்கு வெள்ளையாகத் தெரிந்தால், சேலை மடிப்பில் வண்ணம் செதிலாக வந்தால், அந்த வீட்டில் நம் பொம்மைக்கு மறுபடி இடம் கிடையாது. அதனால் பொம்மை விற்ற அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, அடுத்த வருஷம் எப்படி இருக்கிறது என்பதுதான் நம் தொழிலுக்கு முக்கியம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்ணம் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் பெயிண்ட் டப்பாவில் இல்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் செய்யும் வேலையிலும், மூடிய பிறகு காத்திருப்பதிலும்தான் இருக்கிறது.

அக்ரிலிக் பெயிண்ட் எப்படி ஒட்டுகிறது?

அக்ரிலிக் பெயிண்டில் மூன்று பொருள் முக்கியம். நிறம் தரும் பொடி, தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அக்ரிலிக் துகள்கள். இந்தத் துகள்தான் பசை. பூசியதும் தண்ணீர் ஆவியாகப் போகும். துகள்கள் நெருங்கி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மெல்லிய தோல் போல ஆகிவிடும். நிறப்பொடி அந்தத் தோலுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை தோலாகிவிட்டால் மறுபடி தண்ணீரில் கரையாது. பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் அது கெட்டுப்போவதும் இதனால்தான்.

அந்தத் தோல் பொம்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான எவர்சில்வர் தட்டில் காய்ந்த பெயிண்டை நகத்தால் உரித்துவிடலாம். செங்கல்லில் பட்ட பெயிண்டை அப்படி உரிக்க முடியாது. செங்கல்லில் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கிறது, பெயிண்ட் அதில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. நம் பொம்மையிலும் அந்தப் பிடிப்பு வேண்டும். பிடிப்புக்கு எதிரிகள் நாலு பேர்: ஈரம், தூசி, எண்ணெய், வழவழப்பு.

முதல் வேலை: ஈரம் போக்குதல்

சுட்ட மண் பொம்மை பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மழைக்காலத்தில் அடுக்கி வைத்திருந்தாலோ, கழுவியிருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் பெயிண்ட் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெயில் பட்டதும் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். மேலே தோல் மூடியிருக்கும். ஈரம் அந்தத் தோலைத் தள்ளும். கொப்புளம் வருவது இப்படித்தான்.

ஈரத்தோடு உப்பும் வரும். மண்ணிலோ தண்ணீரிலோ இருக்கும் உப்பு, ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். செங்கல் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பொம்மையிலும் அதேதான். அதனால் உப்புத் தண்ணீர் போர் இருக்கும் ஊரில், பொம்மையைக் கழுவ நல்ல தண்ணீரே எடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

பொம்மை காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி சொல்கிறோம்.

ஒன்று: பொம்மையைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பைக்குள் பனி படர்ந்தது போல இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இரண்டு: பத்துப் பொம்மையைச் சேர்த்துத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். மறுநாள் அதே பத்தை மறுபடி போடுங்கள். எடை குறைந்தால் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் எடை ஒன்றாக நின்றால் காய்ந்துவிட்டது.

காற்றோட்டமான இடத்தில் பலகை மேல் பரப்பி, குறைந்தது மூன்று நாள் விடுங்கள். வெறும் தரையில் வைத்தால் தரை ஈரத்தை அடிப்பக்கம் குடிக்கும். மழைக்காலமானால் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாவு பொம்மைக்கும், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைக்கும், காகிதக்கூழ் பொம்மைக்கும் இன்னும் அதிக நாள் தேவைப்படும். தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் வேலை: தேய்த்தல், துடைத்தல்

ஹார்டுவேர் கடையில் 150, 220 நம்பர் உப்புத்தாள் வாங்குங்கள். 150 நம்பரால் அச்சுக் கோடு, பிசிறு எல்லாம் தேய்த்து எடுங்கள். பிறகு 220 நம்பரால் லேசாக ஒரு முறை. மூக்கு, விரல், கிளி அலகு போன்ற இடங்களில் உப்புத்தாளைச் சின்னதாக மடித்து நுனியால் தேய்த்தால் உருவம் மழுங்காது.

தேய்த்த பிறகு தூசியை எடுக்க வேண்டும். இதில்தான் அவசரம் வருகிறது. "ஊதினால் போதும், போயிடும்" என்போம். போகாது. சேலை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் மாவு மாதிரி நிற்கும். அதன் மேல் பூசினால் பெயிண்ட் தூசியைப் பிடிக்குமே தவிர பொம்மையைப் பிடிக்காது. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். அடுத்து, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கடைசியில் கறுப்புத் துணியில் பொம்மையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு ஒட்டக் கூடாது.

அடுத்த எதிரி எண்ணெய். காலையில் தலைக்கு எண்ணெய் தடவி, தாளித்துக் கொட்டிவிட்டுத்தான் நாம் வேலைக்கு வருகிறோம். அந்தக் கையால் பொம்மையைப் பிடித்தால், விரல் பட்ட இடமெல்லாம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பது நமக்குத் தெரிந்ததே. வேலைக்கு உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குழு விதியாகவே வையுங்கள். பொம்மையின் அடிப்பக்கத்தை ஒரு பழைய பாட்டில் மூடியிலோ சின்ன மரக்கட்டையிலோ இருபக்கம் ஒட்டும் டேப்பால் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பூசுங்கள். கை பொம்மையில் படவே படாது. வேலையும் சுலபம்.

ரெசின், பிளாஸ்டிக் போன்ற வார்ப்புப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசினால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர மெழுகோ எண்ணெயோ தடவியிருப்பார்கள். அது பொம்மை மேலும் இருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அலசி, காயவையுங்கள். மண் பொம்மையைப் போல இது பெயிண்டைக் குடிக்காது. ஆகவே உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குவது கட்டாயம்.

மூன்றாம் வேலை: பிரைமர்

பிரைமர் என்பது பொம்மைக்கும் வண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் பாலம். ஒரு பக்கம் பொம்மையைப் பிடிக்கும், மறுபக்கம் வண்ணத்தைப் பிடிக்கும். வெள்ளைப் பிரைமர் மேல் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். பிரைமர் இல்லாமல் செங்கல் நிற மண் மேல் மஞ்சள் பூசினால், எத்தனை முறை பூசினாலும் மங்கலாகவே இருக்கும். பிரைமருக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு வண்ணத்தில் மிச்சமாகும்.

கடையில் கேட்கும்போது "தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பிரைமர்" என்று தெளிவாகக் கேளுங்கள். மரத்துக்கு அடிப்பது, இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இவை எண்ணெய்ப் பிரைமர்கள். அவற்றின் மேல் தண்ணீர் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

சாக் பவுடரையும் பசையையும் கலந்து அடிப்பூச்சு போடும் பழக்கமும் உண்டு. தண்ணீரில் கரையும் வண்ணங்களுக்கு அது ஒத்துவந்தது. அக்ரிலிக்கைப் பூசும்போது அதிலுள்ள தண்ணீர் பட்டு அந்தப் பூச்சு இளகும். காய்ந்தபின் அக்ரிலிக் தோல் இறுகும்போது அடிப்பூச்சோடு கழன்று வரும். அக்ரிலிக் வண்ணம் என்றால் அக்ரிலிக் பிரைமர்தான் பொருத்தம்.

பிரைமரை இரண்டு முறை பூசுங்கள். முதல் முறை டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்குள் சற்றுத் தளர்த்தியாகக் கரையுங்கள். அது மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். மறுநாள் இரண்டாம் பூச்சு. அது காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தடவு, பிறகு துடைப்பு. பொம்மையின் உட்புறத்தை மட்டும் பூசாமல் விடுங்கள். மிச்சம் மீதி ஈரம் இருந்தால் அந்த வழியாகப் போகட்டும்.

நான்காம் வேலை: வண்ணம்

சின்னப் பொம்மைக்கு ஒரே விதி: மெல்லிசாக, பல முறை. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால், மேலே முதலில் காய்ந்து தோலாகும், உள்ளே பச்சையாக இருக்கும். பிறகு உள்ளே சுருங்கும்போது மேலே வெடிக்கும். அதோடு, இரண்டு அங்குலப் பொம்மையில் விரலும் விரலும் ஒட்டிப்போகும், மூக்குக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியாது. பெரிய பொம்மையில் மறையும் தப்பு சின்னப் பொம்மையில் முகத்தில் அறையும்.

மூன்று பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் கூடினால் பசைத் துகள்கள் தூரம் தூரமாகப் போய்விடும். தோல் வலுவாக இருக்காது, தொட்டால் கையில் நிறம் வரும்.

பெயிண்டைப் பெருக்க வேண்டும் என்று சாக் பவுடர் கலக்காதீர்கள். பசை அதேதான் இருக்கும், பொடி மட்டும் கூடும். பிடிப்பு குறையும். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் எதையும் சேர்க்காதீர்கள், பெயிண்ட் திரிந்துவிடும்.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். மழை நாளில் இரண்டு மூன்று மணி நேரம். உச்சி வெயிலில் உட்கார்ந்து பூச வேண்டாம். பிரஷ்ஷிலேயே பெயிண்ட் காய்ந்து, கோடு கோடாக இழுக்கும். நிழலும் காற்றும் உள்ள திண்ணையோ தாழ்வாரமோ நல்லது.

அக்ரிலிக் காய்ந்ததும் நிறம் ஒரு மாற்று கூடி, கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். கலவை நிறத்தை ஒரு ஓட்டுத் துண்டில் தடவி, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். செட் முழுவதற்கும் ஒரே தடவையில் கலந்து மூடி வையுங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிறமாகப் போய்விடும்.

நகைக்குத் தங்க நிறம் தீட்டும்போது, வெண்கலப் பொடியை வார்னிஷில் குழைத்து வைத்தால் முதலில் ஜொலிக்கும், நாளாக ஆகக் கறுக்கும். அக்ரிலிக்கிலேயே வரும் தங்க நிறம் அவ்வளவு ஜொலிக்காவிட்டாலும் கறுக்காது. அதேபோல கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பச்சையும் ரோஸும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண், புருவம், பொட்டு எல்லாம் கடைசி. மற்ற வண்ணங்கள் ஒரு நாள் காய்ந்த பிறகு எழுதுங்கள்.

ஐந்தாம் வேலை: வார்னிஷும் காத்திருப்பும்

வண்ணம் முடிந்ததும் உடனே வார்னிஷ் அடிக்கக் கூடாது. மூன்று நாள் விடுங்கள். முன்னாலேயே அடித்தால், வண்ணத்தில் மிச்சமிருக்கும் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டு மேலே பால் போல மங்கலாகும்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷையே வாங்குங்கள். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். சரஸ்வதியின் வெள்ளைப் புடவை பழுப்பாகிவிடும். வார்னிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரை வரும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். மூக்கு நுனி, கை விரல், பீடத்தின் ஓரம் ஆகிய இடங்களில் விட்டுப்போகாமல் பாருங்கள். எப்போதும் தேய்வது அங்கேதான்.

வார்னிஷ் தொட்டால் ஒட்டாது என்பதால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே அது இறுகிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் பொம்மை பொம்மையைத் தொடாமல் இடைவெளி விட்டு வையுங்கள். அக்ரிலிக் தோலுக்குச் சூடு பட்டால் இளகும் குணமும் உண்டு. முழுதாக இறுகாத பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றினால், பிரிக்கும்போது பொம்மை முதுகில் செய்தி படிக்கலாம்! தாள் ஒட்டிக்கொள்ளும், மை இறங்கும். மெல்லிய பருத்தித் துணியிலோ அச்சில்லாத மெல்லிய வெள்ளைத் தாளிலோ சுற்றுங்கள். "ஈரமில்லாத இடத்தில் வைக்கவும், துணியில் சுற்றவும், ஈரத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம்" என்று ஒரு துண்டுச் சீட்டும் பெட்டியில் வையுங்கள். வாங்குகிறவர் பத்திரமாக வைத்தால் நம் பெயரும் பத்திரமாக இருக்கும்.

நம்மிடமே ஒரு பரீட்சை

ஒவ்வொரு தொகுதியிலும் கை உடைந்த, கீறல் விழுந்த பொம்மை ஒன்றிரண்டு இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். மற்றப் பொம்மைகளோடு சேர்த்தே பூசுங்கள். ஒரு வாரம் கழித்து அவற்றைச் சோதியுங்கள்.

புது பிளேடால் பொம்மையின் முதுகில் நேராக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு கீறுங்கள். கோட்டுக்குக் கோடு இரண்டு மில்லிமீட்டர். 25 கட்டம் வரும். அதன் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு நிமிஷம் கழித்து ஒரே இழுப்பில் எடுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் உரியவில்லை என்றால் நல்ல பிடிப்பு. பெயிண்ட் கம்பெனிகளின் சோதனைக்கூடத்தில் செய்வதும் இதே முறைதான்.

நிறைய உரிந்தால் டேப்பைத் திருப்பிப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லும்.

- டேப்பில் பிரைமரும் மண் தூசியும் சேர்ந்து வந்தால்: துடைப்பு போதவில்லை, அல்லது ஈரம் இருந்திருக்கிறது.
- பிரைமர் பொம்மையிலேயே நின்று, வண்ணம் மட்டும் வந்தால்: பிரைமர் மேல் கை எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது தவறான பிரைமர்.
- வார்னிஷ் மட்டும் படலமாக வந்தால்: வண்ணம் காயும் முன் அடித்திருக்கிறோம், அல்லது வண்ணத்தின் மேல் தூசி இருந்திருக்கிறது.

இன்னொரு பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு செங்கல் வைத்து, வெயில் படும் இடத்தில் ஒரு பகல் விடுங்கள். தாள் ஒட்டாமல் வந்தால் பெட்டி கட்டலாம்.

பழைய பொம்மை வந்தால்

நவராத்திரி நெருங்கும்போது, வீட்டுப் பழைய பொம்மைக்கு வண்ணம் பூசித் தரச் சொல்லி வருவார்கள். இது நல்ல வருமானம். முதலில் ஈரப் பஞ்சை அடிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அது தண்ணீரில் கரையும் பழைய வண்ணம். அதன் மேல் நேராக அக்ரிலிக் பூசினால் இரண்டும் சேர்ந்து உரியும். தளர்ந்ததைத் துடைத்து எடுத்துவிட்டுப் பிரைமரிலிருந்து தொடங்குங்கள். நிறம் வராமல் பளபளவென்று இருந்தால் எனாமல். பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீர்த் துணியாலும் ஒரு முறை துடைத்து, காயவைத்து, பிறகு பிரைமர். பாட்டி காலத்துப் பொம்மையானால், "பழைய பூச்சை எடுக்கலாமா?" என்று சொந்தக்காரரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே கை வையுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போடுங்கள். பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்காமல் ஈரம் தொட்டுத் தேய்த்து, வந்த கசடை உடனே துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வேலைக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த விவரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கும் பணக் கணக்கும்

மேலே சொன்ன வேலைகளை நாளாகப் பிரித்தால்: காய வைக்க 3 நாள், தேய்த்து முதல் பிரைமர் 1 நாள், இரண்டாம் பிரைமர் 1 நாள், வண்ணம் 3 நாள், காத்திருப்பு 3 நாள், வார்னிஷ் 1 நாள், இறுகுவதற்கு 7 நாள், பெட்டி கட்ட 1 நாள். மொத்தம் 20 நாள். செப்டம்பர் 1-ம் தேதி சரக்கு கிளம்ப வேண்டும் என்றால் ஆகஸ்ட் 12-ம் தேதி வேலை தொடங்கியிருக்க வேண்டும். வியாபாரி ஆகஸ்ட் 20-ல் வந்து "பத்து நாளில் 500 பொம்மை கொடுங்க" என்றால், இறுகும் ஒரு வாரத்தைத்தான் முதலில் வெட்டுவோம். அந்தக் கட்டத்தில் எத்தனை பொம்மை முடியுமோ அத்தனைக்கு மட்டும் சம்மதம் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில் அடுத்த தொகுதியைத் தேய்க்கலாம், கை சும்மா இருக்காது.

பணத்தையும் பார்ப்போம். இது கணக்குக்காகச் சொல்லும் எடுத்துக்காட்டு. ஒரு பொம்மை ரூ.60, லாபம் ரூ.15 என்று வைத்துக்கொள்வோம். 100 பொம்மைக்கு லாபம் ரூ.1,500. அதில் 10 பொம்மை உரிந்து திரும்பி வந்தால், திருப்பிக் கொடுப்பது ரூ.600, வண்டிச் சத்தம் ரூ.200. கையில் நிற்பது ரூ.700. பத்துப் பொம்மை போனதில் பாதிக்கு மேல் லாபம் போய்விட்டது. பிரைமருக்கும் வார்னிஷுக்கும் பொம்மைக்கு ரூ.2 கூடச் செலவழித்தாலும் ரூ.200-தான். கடன் தவணை பொம்மை திரும்பி வந்ததா என்று கேட்டுக்கொண்டு வராது, சகோதரிகளே.

கண் எழுதுகிறவரும் தூசி துடைக்கிறவரும்

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். குழுவில் வேலையைப் பிரிக்கும்போது, முகமும் கண்ணும் எழுதும் சகோதரிக்குப் பொம்மைக் கணக்கில் கூடுதல் கூலி கொடுக்கிறோம். கைத்திறமைக்கு அது நியாயம். உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, பிரைமர் அடிக்கும் சகோதரிக்குக் கூலி மிகக் குறைவு. "துடைக்கிற வேலைதானே?" என்று நினைக்கிறோம். அவர் என்ன செய்வார்? நாள் கூலி கட்டுப்படியாக வேண்டுமானால் வேகமாகத்தான் துடைக்க வேண்டும். பத்துப் பொம்மை நேரத்தில் இருபது முடிக்க வேண்டும்.

ஆனால் வண்ணம் உரிவதற்கு நாம் சொன்ன காரணங்களை மறுபடி படித்துப் பாருங்கள். ஈரம், தூசி, எண்ணெய், வழவழப்பு. நாலும் அந்தச் சகோதரியின் கையில்தான் இருக்கின்றன. எவ்வளவு அழகாகக் கண் எழுதினாலும், கீழே தூசி இருந்தால் அந்தக் கண்ணும் சேர்ந்துதான் உரியும். யார் கண்ணுக்கும் தெரியாத வேலைதான் பொம்மையைத் தாங்குகிறது. வீட்டில் நாம் செய்யும் வேலையும் அப்படித்தானே? அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று நமக்கு வருத்தம் உண்டு. நம் குழுவுக்குள்ளேயே அதே தப்பு நடக்கலாமா?

ஆகவே கூட்டமைப்பின் சார்பில் மூன்று யோசனைகள்:

1. தேய்ப்பு, துடைப்பு, பிரைமர் வேலைக்குப் பொம்மைக் கணக்கு வேண்டாம். நாள் கூலியாகக் கொடுங்கள். அவசரம் தானாகக் குறையும்.

2. சேமிப்புக்கு, கடனுக்கு நோட்டு இருப்பதுபோல் பொம்மைக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தொகுதி எண், எடை போட்ட தேதி, பிரைமர் தேதி, வார்னிஷ் தேதி, டேப் சோதனை முடிவு, செய்தவர் பெயர் எழுதுங்கள். இது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. எங்கே சரிசெய்வது என்று தெரிந்துகொள்ள.

3. எல்லோரும் எல்லா வேலையும் பழகுங்கள். மாதத்தில் இரண்டு நாள் கண் எழுதுகிறவர் துடைக்கட்டும், துடைக்கிறவர் ஓட்டுத் துண்டில் கண் எழுதிப் பழகட்டும்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கையோடு ஒரு உடைந்த பொம்மை, ஒரு பிளேடு, ஒரு செல்லோ டேப் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் சோதனை செய்து காட்டுங்கள். கூலி விஷயத்தைப் பேசி, முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். டேப்பில் என்ன வந்தது, குழு என்ன முடிவு எடுத்தது என்று நமக்கு எழுதி அனுப்புங்கள். மற்றச் சகோதரிகளும் தெரிந்துகொள்ளட்டும்.